எக்ஸ்ரே பிலிமில் எடுத்த முகம்

எங்கள் வயதுக்காரர் என்றால் ஒரு முறையாவது எக்ஸ்ரே படத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துச் சூரிய கிரகணம் பார்த்திருப்பீர்கள். யாரோ ஒருவருடைய விலா எலும்புகளுக்கு நடுவே சூரியன் சின்னப் பொட்டாகத் தெரியும். பார்த்து முடிந்ததும் அதைப் பழையபடி அலுமாரிக்கு மேலே போட்டுவிடுவோம். அதே பிலிமை ஒரு கமராவுக்குள் வைத்து மனிதருடைய முகத்தையும் எடுக்கலாம் என்பது உங்களில் அதிகம் பேருக்குத் தெரிந்திருக்காது. என் முகத்தை எடுத்தார்கள். ஐந்தாம் வகுப்பு முடிந்த மார்கழி விடுமுறை அது. எனக்குப் பத்து வயது.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், ஒரு வீட்டின் பின்பக்கத்து மேல்மாடியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா. இரண்டு அறை, ஒரு குசினி, ஜன்னல் இல்லாத குளியலறை. ஏணியில் ஏறினால் மேலே கொங்கிரீட் தட்டும் தண்ணித் தாங்கியும். கடலோரத் தண்டவாளத்தில் கோச்சி போகும்போது குசினியில் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டும். உப்புக் காற்றில் ஜன்னல் கம்பிகள் செதில் செதிலாக உரியும்.

மாமாவுக்குப் பொரளைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. அங்கே எக்ஸ்ரே பிலிம்களை இருட்டறையில் கழுவுவது அவர்தான். எந்த நேரமும் நகங்களில் தேயிலைச் சாயம் பிடித்த மாதிரி ஒரு நிறம். காலம் முடிந்த பிலிம்களை அங்கே எறிவார்கள். மேலதிகாரியிடம் கேட்டு அவற்றை வீட்டுக்குக் கொண்டுவருவார். தேயிலைப் பெட்டிப் பலகையில் தானே ஒரு கமரா செய்திருந்தார். அதன் கண்ணாடியைப் புறக்கோட்டை நடைபாதையில் வாங்கினார். தலைக்கு மேல் போட்டுக்கொள்ளும் கறுப்புத் துணி, அம்மாவின் உடைந்த குடையிலிருந்து பிரித்தது.

அவருக்கு ஸ்டூடியோப் படங்களில் விருப்பம் இல்லை. வேண்டியதெல்லாம் நீலப் படம். இரத்மலானையில் ஒரு தொழிற்சாலையின் வரைபட அறையில் அவருடைய சினேகிதர் ஒருவர் இருந்தார். இயந்திரங்களின் படங்களை அங்கே நீலத் தாளில் வெயிலில் வைத்துப் பிரதி எடுப்பார்கள். அந்தத் தாளுக்குப் பூசும் இரண்டு மருந்துகளை அவர் சின்னப் போத்தல்களில் கொடுத்தனுப்புவார். இரண்டையும் கலந்து தடித்த தாளில் தூரிகையால் பூசி, கட்டிலுக்கு அடியில் காயவைத்து, அதன் மேல் நெகட்டிவை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைக்க வேண்டும். நெகட்டிவ் எந்த அளவோ படமும் அந்த அளவுதான் வரும். அதனால் பெரிய பிலிம் தேவைப்பட்டது. பெரிய பிலிம் அவருக்குச் சும்மா கிடைத்தது ஆஸ்பத்திரியில்தான்.

ஒரு சிக்கல் இருந்தது. அந்தப் பிலிம் கமராவுக்குள் மிகவும் மந்தம். படம் பதியும்வரை எதிரே இருப்பவர் அசையக்கூடாது. அப்பாவுக்கு அந்த நேரத்தில்தான் இருமல் வரும். அம்மாவின் கை தலைமயிரைச் சரிசெய்யப் போய்விடும். அசையாமல் இருக்கத் தெரிந்தவன் அந்த வீட்டில் நான் மட்டும்தான். வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்கும்போதெல்லாம் அப்படி இருந்து பழகியிருந்தேன்.

"மருமோன், அந்தத் தண்ணித் தாங்கியைப் பாத்துக்கொண்டு இரு. மூச்சு விடலாம். யோசிக்கக்கூடாது" என்றார் மாமா.

"அவன் எப்ப யோசிச்சவன்" என்றார் அப்பா, ஏணியடியில் நின்று.

"யோசிக்காமலோ அத்தான் பெரிய பள்ளிக்கூடத்தில இடம் எடுத்தவன்?"

அது உண்மை. என் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். கொட்டாஞ்சேனையில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, குடும்பத்தோடு கொட்டாஞ்சேனையில் இருந்தார். நான் அவர்கள் வீட்டில் தங்கிப் படிப்பதென்று முடிவாகியிருந்தது. இடம் கேட்கப் போன அன்று, அந்தப் பள்ளிக்கூடத்தின் ஒரு ஜன்னலால் உள்ளே பார்த்தேன். மேசை மேல் ஒரு உலக உருண்டை இருந்தது. கட்டிப்பிடித்தால் கை எட்டாது, அவ்வளவு பெரிது. தையிலிருந்து நான் அந்த அறைக்குள் போகலாம் என்பது ஒன்றுதான் அந்த விடுமுறை முழுக்க என் மனதில் இருந்தது. அம்மா வெள்ளைச் சப்பாத்து ஒரு சோடி, வளர்ந்தாலும் போடட்டும் என்று ஒரு அளவு கூட்டி வாங்கி வைத்திருந்தார். நான் அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடப்பேன். பின்பக்கம் தப் தப் என்று அடிக்கும்.

பிலிம் கழுவிய ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் நானும் உள்ளே நின்றேன். முகம் என்னுடையது என்பதால் மாமா சம்மதித்தார். குளியலறைக் கதவு இடுக்கில் தான் உடுத்தும் சாரத்தைச் சுருட்டித் திணித்தார். சாமித் தட்டில் எரியும் சின்னச் சிவப்பு பல்பைக் கழற்றிக்கொண்டு வந்து மாட்டினார். சிவப்பு வெளிச்சம் அந்தப் பிலிமுக்குத் தெரியாதாம்.

"சாமியை இருட்டில விட்டிட்டு என்ன படம்?" என்று அம்மா வெளியிலிருந்து கேட்டார்.

"பிள்ளையார் கோவிக்க மாட்டார் அக்கா. அவரையும் ஒருநாள் எடுக்கிறன்."

மூன்று பிளாஸ்டிக் தட்டுகள். முதலாவதில் மருந்து. அது சூடேறினால் பிலிமின் பூச்சு இளகிவிடும் என்று, சந்தையில் மீன்காரனிடம் வாங்கிய ஐஸைப் பைக்குள் கட்டித் தட்டுக்கு அடியில் வைத்திருந்தார். இரண்டாவதில் வினாகிரித் தண்ணீர். மூன்றாவதில் படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ. அந்தச் சின்ன அறையில் மீன் வாடையும் வினாகிரி நெடியும் ஒன்றாக ஏறின. எக்ஸ்ரே பிலிமுக்கு இரண்டு பக்கமும் பூச்சு உண்டு. அடிப்பக்கம் கீறுப்படாமல் இருக்க, தட்டின் அடியில் ஒரு கண்ணாடித் துண்டு போட்டிருந்தார். தட்டின் ஒரு மூலையை விரலால் மெல்லத் தூக்கித் தூக்கி விட்டார்.

முதலில் பால் மாதிரி இருந்தது. பிறகு சேட்டு கறுத்தது. பிறகு நெற்றி. கன்னம். வெள்ளையாக வேண்டியது கறுப்பாகவும் கறுப்பாக வேண்டியது வெள்ளையாகவும் நான் வந்தேன். தலைமயிர் கிழவனுடையது மாதிரி வெளுத்திருந்தது.

"வந்திட்டுது மாமா" என்றேன்.

"ஸ்டூடியோக்காரனுக்கு வந்திட்டுது. எனக்கு இன்னும் வரேல்லை."

பிலிமைத் தூக்கிப் பல்புக்கு நேரே பிடித்தார். திரும்பப் போட்டார். மறுபடி தூக்கினார். முகம் தார் மாதிரி ஆகும்வரை விட்டார். அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் காலி வீதியில் ஸ்டூடியோ வைத்திருந்தார். பிறகு அந்த நெகட்டிவைப் பார்த்து, "என்ன தம்பி, கரிச்சட்டி மாதிரிக் கிடக்கு. கருக்கிப்போட்டீர்" என்று அவர் சொன்னது நினைவிருக்கிறது. மாமா அதைப் புதினப் பத்திரிகை மேல் வைத்துக் காட்டினார். நெற்றிக்கு அடியில் எழுத்துத் தெரியவில்லை. "இவ்வளவு கறுத்தாத்தான் வெயிலை மறிக்கும். மறிச்சாத்தான் நீலத்தில வெள்ளை விழும். உங்கட நெகட்டிவை வைச்சா வெயில் எல்லாத்துக்குள்ளாலயும் பாஞ்சு முழுத்தாளும் நீலமாப் போயிடும்" என்றார்.

படம் அடுத்த நாள் மேல் தட்டில் வெயில் காய்ந்தது. பச்சை கலந்த மஞ்சள் தாள் மெல்லச் சாம்பல் நிறமானது. மாமா அதை அலுமினியத் தட்டில் தண்ணீருக்குள் போட்டார். மஞ்சள் கரைந்து போக, அடியிலிருந்து நீலம் எழும்பியது. புதுப் பள்ளிக்கூடப் பையன் ஒருவன் நீலத்துக்குள்ளிருந்து தண்ணித் தாங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு என்னைப் பிடித்திருந்த சில தடவைகளில் அது ஒன்று.

இரண்டு கன்னத்திலும் தாடையின் ஓரத்திலும் வெளுத்த திட்டுகள் இருந்தன. அம்மா கிட்டப் போய்ப் பார்த்து, "பவுடர் சரியாப் பூசேல்லைப் போல" என்றார். "ஓம் போல" என்றார் மாமா. படத்தை முன் அறையில் மாட்டினார்கள்.

பெரியம்மா கொட்டாஞ்சேனையிலிருந்து கதலி வாழைப்பழச் சீப்போடு வந்தது கிறிஸ்மஸுக்கு முந்திய ஒரு நாளில். எனக்கு எந்த அறை, எந்தக் கட்டில் என்று கதைக்க வந்தவர். அவருக்கு இரண்டு பெண்பிள்ளைகள், இருவரும் பெரியவர்கள். கதிரையில் இருந்தபடி சுவரைப் பார்த்தார்.

"உதென்ன தங்கச்சி, இவன்ர கன்னத்தில?"

"பவுடர் அக்கா."

"தாடைக்குக் கீழயுமோ பவுடர்?"

என்னைக் கூப்பிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "முகத்தில ஒண்டும் இல்லை" என்றார், ஏதோ குறைந்துபோனது போல. "படத்தில மட்டும் தெரியுது. எங்க எடுத்தது?"

"நான்தான் எடுத்தது அக்கா. எக்ஸ்ரே பிலிமில" என்றார் மாமா. சொன்னபோது அவருக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும்.

பெரியம்மா என் தாடையிலிருந்து கையை எடுத்தார்.

"அப்ப உள்ளுக்க இருக்கு."

"ஐயோ, இல்லை அக்கா. பிலிம் மட்டும்தான் எக்ஸ்ரே. கதிர் ஒண்டும் விடேல்லை. சும்மா பகல் வெளிச்சம்."

"தம்பி, நீர் உதைக் கழுவுற ஆள். என்ர அண்ணரின்ர மகளுக்கு நெஞ்சில வருத்தம் இருந்ததை உந்தப் பிலிம்தான் காட்டினது. வெளியில ஆருக்குத் தெரிஞ்சது? நல்லாத்தான் ஓடித் திரிஞ்சவள்."

மாமா நாள் முழுக்கக் கழுவியதெல்லாம் வெளியில் தெரியாததைக் காட்டும் பிலிம்கள்தானே. பெரியம்மா குரலைத் தணித்து, வெண்குட்டம் என்ற சொல்லைச் சொன்னார். "எனக்கு ரெண்டு குமர்ப்பிள்ளையள் வீட்டில. நாளைக்கு ஒராள் பொம்பிளை கேட்டு வந்தா நான் என்ன சொல்லுறது? கோவியாதையும் தங்கச்சி."

போகும்போது எனக்கு ஒரு வாழைப்பழம் தந்தார். காம்பின் நுனியைப் பிடித்து நீட்டினார். அது ஏன் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. அவர் கெட்டவர் அல்ல. அவருடைய இடத்தில் உங்கள் வீட்டாரும் எங்கள் வீட்டாரும் வேறு விதமாக நடந்திருப்பார்களா என்று யோசித்துப் பாருங்கள்.

மாமா விடவில்லை. நீண்ட நேரம் கழுவியதில்தான் திட்டுகள் கூடித் தெரிகின்றன என்று அவருக்கு ஒரு சந்தேகம். என்னை மறுபடி இருத்தி எடுத்தார். இந்த முறை பிலிமை மருந்திலிருந்து சீக்கிரம் தூக்கினார். நெகட்டிவ் மெலிந்து வந்தது. நீலத் தாளில் வைத்தபோது திட்டுகள் அனேகமாக இல்லை. ஆனால் முகமும் அனேகமாக இல்லை. அப்பா என்னைக் காலி வீதி ஸ்டூடியோவுக்கும் கூட்டிப்போய் ஒரு படம் எடுப்பித்தார். அதில் முகம் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு மாமா கொட்டாஞ்சேனைக்குப் போனார். திரும்பி வந்து பெரியம்மா மாதிரியே பேசிக் காட்டினார்.

"இது இருட்டுக்க நிண்ட மாதிரிக் கிடக்கு தம்பி. முதல் படம்தான் தெளிவு."

"அப்ப ஸ்டூடியோப் படம்?" என்று அப்பா கேட்டார்.

"அவங்கள் பென்சில் போடுவாங்கள். என்ர கலியாணப் படத்தில என்ர மருவையே காணேல்லை."

அப்பா சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை.

"என்ர கண் குருடில்லை. பத்து வருஷமா நான்தான் இவனைக் குளிப்பாட்டுறன். ஒரு திட்டும் இல்லை. அவையின்ர வீடு வேண்டாம். நானே பஸ்ஸில கூட்டிக்கொண்டு போய், பள்ளிக்கூடம் விடும்வரைக்கும் வாசல்ல இருந்து கூட்டிக்கொண்டு வாறன்" என்றார். அப்பா சரி என்றார். சப்பாத்து கட்டிலடியிலேயே இருந்தது. நானும் நிம்மதியாக இருந்தேன்.

பிறகு அந்த மத்தியானம். வேலைக்குப் போயிருந்த மாமா வரப் பொழுதுபட்டுவிடும். அப்பா சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார். அம்மா சுவரிலிருந்த நீலப் படத்தைக் கழற்றி அடுப்பில் வைத்தார். அது போதாது, நெகட்டிவ் இருக்கும்வரை மாமா இன்னொரு படம் போடுவார் என்று நினைத்திருக்க வேண்டும். அந்தக் கறுத்த பிலிமை எடுத்துக்கொண்டு குசினித் தொட்டிக்கு வந்தார். பழைய எக்ஸ்ரே பிலிமைச் சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்தால் வெறும் கண்ணாடித் தாளாகிவிடும். மாமா அப்படி எத்தனையோ பிலிமைக் கழுவி, சாமான் போத்தல்களுக்கு மூடி வெட்டிக் கொடுத்திருக்கிறார்.

அம்மா கேத்திலில் கொதித்த தண்ணீரை ஊற்றித் தேங்காய் நார்ப் பொச்சால் தேய்த்தார். கறுப்புச் சளி மாதிரி வழிந்து ஓடியது. நான் குசினி வாசலில் நின்றேன். தேய்த்து முடித்து, சேலைத் தலைப்பால் துடைத்து, ஜன்னலுக்கு நேரே பிடித்தார்.

நான் இன்னும் அதில் இருந்தேன். முன்னைப் போல் கறுப்பாக இல்லை, புகை மாதிரி. கண்ணும் மூக்கும் தெரிந்தன. கன்னத்துத் திட்டுகளும் தெரிந்தன.

அம்மா அதே பக்கத்தை மறுபடி தேய்த்தார். தேங்காய்ப் பொச்சு கீறி, பிலிம் முழுவதும் கோடு விழுந்தது. பிடித்துப் பார்த்தார். முகம் கோடுகளுக்குப் பின்னால் அப்படியே இருந்தது. மூன்றாம் முறை தேய்க்கவில்லை. தொட்டி ஓரத்தில் பிலிமைச் சாய்த்து வைத்துவிட்டுத் தரையில் இருந்தார்.

"போகுதில்லை" என்றார். என்னிடம் சொல்லவில்லை.

அப்பாவை எழுப்பி, "பள்ளிக்கூடம் வேண்டாம். போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ. நாலு பேர் பாத்து வெளியில அனுப்ப முதல் நாங்களே நிப்பாட்டுவம்" என்றார். அப்பா ஏன் என்று கேட்டார். அம்மா தொட்டியைக் காட்டினார். அப்பா பிலிமை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். சேட்டை மாட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினார். பள்ளிக்கூட அதிபர் பக்கத்து விடுதியில் இருந்தார். இடத்துக்காக வேறு பிள்ளைகள் காத்திருப்பதாக முன்பே சொன்னவர்.

மாமா வந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. அம்மா பிலிமை நீட்டினார். மாமா அதைத் திருப்பி, மறுபக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"அக்கா, இது ரெண்டு பக்கமும் பூசினதெல்லே. நீங்கள் ஒரு பக்கம்தான் கழுவினனீங்கள்."

மிச்சமிருந்த சுடுதண்ணீரில் நனைத்துப் பெருவிரலால் ஒரு இழுப்பு இழுத்தார். என் கன்னத்தின் குறுக்கே ஒரு பாதை துப்புரவாகத் திறந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது படியில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. உள்ளே வந்து, "சொல்லிப்போட்டு வந்திட்டன்" என்றார்.

அடுத்த நாள் காலை அப்பா திரும்பப் போனார். இடம் முந்திய இரவே இன்னொரு பிள்ளைக்குச் சொல்லப்பட்டுவிட்டது. அதிபர் மரியாதையாகத்தான் பேசினாராம். அடுத்த தவணைக்கு வேறு பள்ளிக்கூடம் பார்ப்போம் என்றார்கள். அதற்குள், எதற்கும் என்று, ஒரு நாட்டு வைத்தியரிடம் காட்டினார்கள். கருவாடு கூடாது, கத்தரிக்காய் கூடாது, வெயில் கூடாது என்றார் அவர். பச்சை எண்ணெய் ஒன்றைப் பூசிக்கொண்டு வீட்டுக்குள் இருந்தேன். மாமா பலமுறை சொல்லி, சித்திரை கழிந்து ஒரு தோல் டொக்டரிடம் கொண்டுபோனார்கள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மறுபடி போட்டுக்கொண்டார். "வெயில்ல விளையாடுற பிள்ளையளுக்கு உந்தத் திட்டு வாறதுதான். இப்ப அதுவும் இல்லை. என்னத்துக்குக் கொண்டுவந்தனீங்கள்?" என்றார்.

அதற்குள் நான் அப்பாவின் சினேகிதர் ஒருவருடைய கடையில் பகலில் இருக்கத் தொடங்கியிருந்தேன். வீட்டில் சும்மா இருப்பதற்குப் பதிலாக என்று. குடையும் பயணப் பையும் விற்கும் கடை. அசையாமல் இருப்பதற்கு அங்கே தேவை இருந்தது. தவணைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. சப்பாத்து யாருக்குப் போனது என்று தெரியாது. கமராப் பெட்டி கொஞ்சக் காலம் குசினியில் வெங்காயம் வைக்கப் பயன்பட்டது. மாமா கனடாவுக்குப் போகும்போது எங்கள் கடையில்தான் பை வாங்கினார். தையில் பள்ளிப் பைகள் நன்றாக விற்கும். இன்றும் நான் அதே கடையில்தான் இருக்கிறேன்.

மாமாவுக்கு இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது. அங்கே வீட்டின் நிலவறையில் மறுபடி எக்ஸ்ரே பிலிமும் நீலப் படமும்தானாம். போன மாதம் தொலைபேசியில் சொன்னார்.

"மருமோன், அந்தப் பிலிமுக்கு நீலம் மட்டும்தான் தெரியும். வெயில் பட்ட தோலில எங்கட கண்ணுக்குப் பிடிபடாத வித்தியாசம் அதுக்குப் பிடிபடும். நான் அதைப் போட்டுக் கருக்கு கருக்கெண்டு கருக்க, அது இன்னும் கூடிப்போச்சு. அங்க இருந்தது வெயில்தான், வேறொண்டும் இல்லை. இதைச் சொல்ல எனக்கு அப்ப தெரியேல்லை."

"பரவாயில்லை மாமா" என்றேன்.

"அக்கா கழுவின அந்தப் பிலிமை என்ன செய்தனீங்கள்?"

இருக்கிறது என்று சொன்னேன். அப்பா சொல்லிப்போட்டு வந்த அன்றிரவே மாமா மறுபக்கத்தையும் கழுவி முடித்திருந்தார். கீறல் விழுந்த வெறும் தாளாகிவிட்டது. எறிய மனமில்லாமல், அம்மா அதைச் சாமித் தட்டிலிருந்த பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்துச் சட்டமடிப்பித்தார், விளக்குப் புகை படாமல் இருக்கட்டும் என்று. அம்மா போன பிறகு அந்தப் படம் என்னிடம் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் அந்தத் தாளைக் கழற்றித் துடைப்பேன். புகை படிவது முன்பக்கத்தில் மட்டும்தான். நான் இரண்டு பக்கமும் துடைக்கிறேன்.